கைத்தோல் தொங்குகிறது டாக்டர், 9 வாரத்தில் சரிசெய்ய முடியுமா?

கடிதம் எழுதியவர் 42 வயது ஆசிரியை. உயரம் 158 செ.மீ. ஒரு காலத்தில் 104 கிலோ எடை இருந்தவர், 11 மாதத்துக்கு முன் இரைப்பையைச் சுருக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டு இப்போது 69 கிலோவுக்கு வந்திருக்கிறார். சர்க்கரை மாத்திரை நின்றுவிட்டது, முட்டி வலி போய்விட்டது. ஆனால் எடை இறங்க இறங்க மேல்கைத் தோல் தளர்ந்து, அக்குளிலிருந்து முழங்கை வரை தொங்க ஆரம்பித்துவிட்டது. கரும்பலகையில் எழுதக் கையைத் தூக்கினால் தோல் ஆடுகிறது. பின்வரிசையில் யாரோ சிரித்தது காதில் விழுந்த நாளிலிருந்து முழுக்கைச் சட்டைதான். மடிப்புக்குள் வியர்த்து, அரித்து, அடிக்கடி புண்ணாகிறது. எட்டு மாதம் டம்பெல் தூக்கியும் பலனில்லை. “என் சோம்பேறித்தனம்தான் காரணமோ என்று நினைக்கிறேன்” என்று எழுதியிருக்கிறார்.

இரண்டு இடங்களில் விசாரித்திருக்கிறார். ஒரு கிளினிக்கில், “லேசர் மூலம் செய்வோம், தழும்பே தெரியாது, இந்த வாரத்துக்குள் முன்பணம் கட்டினால் சலுகை உண்டு” என்றார்களாம். இன்னோர் இடத்தில், “கொழுப்பை மட்டும் உறிஞ்சி எடுத்தால் போதும்” என்றார்களாம். 9 வாரத்தில் குடும்பத்தில் ஒரு விழா. அதற்குக் குட்டைக் கை வைத்த உடை போட வேண்டும் என்று ஆசை. “உயிருக்கு ஆபத்தில்லாத விஷயத்துக்கு எதுக்குக் கத்தி வைக்கணும்” என்கிறார் கணவர். அவர் கையெழுத்துப் போடாவிட்டால் அறுவை சிகிச்சை செய்ய மாட்டார்களா, மறுபடி எப்போது பலகையில் எழுதலாம் என்பவை இவருடைய மற்ற கேள்விகள்.

கடிதத்தின் ஓரத்தில் போகிற போக்கில் மூன்று செய்திகள். எடை இன்னும் மாதம் ஒன்றரை கிலோ குறைந்துகொண்டிருக்கிறது. ஹீமோகுளோபின் 9.8, இரும்புச்சத்து மாத்திரை மலச்சிக்கல் தருவதால் ஒழுங்காகப் போடுவதில்லை. காது குத்திய இடத்தில் சின்னக் கொண்டைக்கடலை அளவுக்குத் தழும்பு தடித்திருக்கிறது.

அன்புச் சகோதரி,

முதலில் அந்தச் “சோம்பேறித்தனம்” என்ற சொல்லை எடுத்துவிடுவோம். டம்பெல் தூக்கினால் மேல்கையின் பின்பக்கத் தசை பலப்படும். தசைக்கு மேலே தளர்ந்து கிடக்கும் தோலை எந்தப் பயிற்சியாலும் சுருக்க முடியாது. பல வருடம் பஞ்சு திணித்து வைத்த தலையணையிலிருந்து பாதிப் பஞ்சை எடுத்துவிட்டால் உறை தானாகச் சின்னதாகிவிடுமா? மேல்கையின் உள்பக்கத் தோல் உடம்பிலேயே மெல்லிய தோல்களில் ஒன்று. நெடுநாள் இழுபட்டிருந்ததில் அதற்கு மீள்தன்மை தரும் நார்கள் அறுந்துபோயிருக்கின்றன. 35 கிலோ குறைத்த ஒருவர் தன்னைச் சோம்பேறி என்று எழுதியிருப்பதைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது.

இந்த ஆசை வெறும் அழகுக்காகவோ என்ற கூச்சமும் உங்கள் வரிகளில் தெரிகிறது. மடிப்பில் புண் வருவது, சட்டைக் கை இறுக்குவது, கை வீசி நடக்கும்போது தோல் உரசுவது எல்லாம் உடல் தொந்தரவுகள்தான். அவை இல்லாமல், கண்ணாடியில் பார்க்கும்போது மனசு வாடுகிறது என்பது மட்டுமே காரணமாக இருந்தாலும் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்தப் புண்ணை மட்டும் அறுவை வரைக்கும் ஒத்திப்போடாதீர்கள். மடிப்பைத் துடைத்து ஈரமில்லாமல் வையுங்கள். தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். இத்தகைய புண்ணில் பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று சேர்ந்திருக்கும், அதற்கேற்ற களிம்பில் அடங்கும். புண் இருக்கும் தோலில் எந்த அறுவை மருத்துவரும் கத்தி வைக்கக் கூடாது.

இனி, கொழுப்பை உறிஞ்சினால் போதுமா என்ற கேள்வி. இதை நீங்களே ஓரளவு சோதிக்கலாம். கண்ணாடி முன் நின்று ஒரு கையைத் தோள் மட்டத்துக்குப் பக்கவாட்டில் நீட்டுங்கள். முழங்கையை மடக்கி, விரல்கள் மேலே பார்க்கும்படி வையுங்கள். இன்னொரு கையின் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தொங்கும் பகுதியைப் பிடித்துப் பாருங்கள். தடிமனாக, பிசைந்த மாவைப் போலத் திரண்டு வந்தால் கொழுப்பு அதிகம். மெல்லியதாக மடிந்து வந்தால் தோல் அதிகம். “பிடித்தால் ரெண்டு மடிப்புத் துணி மாதிரி இருக்கு” என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியே பாதி பதில். உள்ளே எடுக்கக் கொழுப்பு அதிகம் இல்லாதபோது லிப்போசக்‌ஷன் மட்டும் செய்தால் தோல் இன்னும் காலியாகித் தொங்கும். தோல் இறுக்கமாக இருந்து, கொழுப்பு மட்டும் கூடுதலாக உள்ளவர்களுக்கு அது நல்ல சிகிச்சை. உங்களைப் போன்றவர்களுக்கு அது அறுவைக்குத் துணையாக வரலாம், அறுவைக்குப் பதிலாக வர முடியாது.

லேசரும் ரேடியோ அலைக் கருவிகளும் தோலின் அடியில் சூட்டை ஏற்படுத்திக் கொஞ்சம் இறுக்குபவை. லேசான தளர்ச்சிக்கு அவை ஓரளவு பயன்படும். ஒரு சாண் அகலத்துக்குத் தொங்கும் தோலை அவற்றால் மறையவைக்க முடியாது. அந்தத் தோலை வெட்டித்தான் எடுக்க வேண்டும். வெட்டிய இடத்தில் தழும்பு இருக்கும். லேசரால் வெட்டினாலும் தழும்பு தழும்புதான். “தழும்பே தெரியாது” என்று சொன்னவர் ஒன்று உங்கள் கையைச் சரியாகப் பார்க்கவில்லை, அல்லது உண்மையைச் சொல்லவில்லை.

தோலுக்குப் பதிலாகத் தழும்பு

இந்த அறுவைக்குப் பிராக்கியோபிளாஸ்டி என்று பெயர். மேல்கைத் தூக்கு அறுவை, ஆர்ம் லிஃப்ட் என்றும் சொல்வார்கள். 1950-களிலிருந்தே அழகுக்காகச் செய்யப்பட்டு வருகிறது, ஆகவே நேற்று வந்த நுட்பம் இல்லை. இவ்வளவு காலமாகியும் இதன் பெரிய குறை மாறவில்லை: நீளமான தழும்பு. தளர்ச்சி குறைவாக, அக்குளை ஒட்டி மட்டும் இருந்தால் தழும்பை அக்குள் மடிப்புக்குள்ளேயே முடித்துவிடலாம். உங்களைப் போல அதிக எடை குறைத்தவர்களுக்கு அக்குளிலிருந்து முழங்கை வரை நீளும். சிலருக்கு அக்குளைத் தாண்டி மார்பின் பக்கவாட்டிலும் கொஞ்சம் இறங்கும்.

என்னிடம் வருபவர்களுக்கு முதல் சந்திப்பிலேயே நான் ஒரு காரியம் செய்வேன். நிற்கவைத்து, அவர்கள் கையில் ஊதா மார்க்கரால் தழும்பு வரப்போகும் இடத்தில் ஒரு கோடு போடுவேன். “இதை அழிக்காமல் நான்கு நாள் வீட்டில் இருங்கள். அழிந்தால் நீங்களே மறுபடி வரைந்துகொள்ளுங்கள். கண்ணாடியில் பாருங்கள், வீட்டில் இருப்பவர்கள் பார்க்கட்டும், கையைத் தூக்கித் தலை வாருங்கள். அப்புறம் வந்து சொல்லுங்கள்” என்பேன். சிலர் நான்காம் நாள் வந்து, “இந்தக் கோடு இருந்தாலும் பரவாயில்லை, இந்தத் தொங்கல் போகட்டும்” என்பார்கள். சிலர் திரும்பி வரவே மாட்டார்கள். இரண்டுமே நல்ல முடிவுகள். நீங்களும் ஒரு ஸ்கெட்ச் பேனாவை எடுத்து, கையின் உள்பக்கம் அக்குள் நடுவிலிருந்து முழங்கையின் உள் எலும்புக்குச் சற்று மேலே வரை ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். குட்டைக் கை உடை போட வேண்டும் என்ற ஆசையில் இதைக் கேட்கிறீர்கள் என்பதால்தான் வற்புறுத்துகிறேன். குட்டைக் கை உடையில் இந்தத் தழும்பின் கீழ்ப்பாதி தெரியும்.

தழும்பு கையின் உள்பக்கம் வேண்டுமா, பின்பக்கம் வேண்டுமா என்பதிலும் உங்களுக்குப் பேச்சு உண்டு. உள்பக்கத் தழும்பு கையைத் தொங்கவிட்டால் மறைந்துவிடும், கையை விரித்தால் எதிரே நிற்பவருக்குத் தெரியும். பின்பக்கத் தழும்பு எதிரே இருப்பவருக்குத் தெரியாது, முதுகுப்பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும். நீங்கள் பலகையில் எழுதும்போது வகுப்பு முழுதும் உங்கள் முதுகைத்தான் பார்க்கும். மேல்கையின் உள்பக்கம் உங்கள் முகத்தை நோக்கித் திரும்பியிருக்கும். அந்தக் கணக்கில் உங்களுக்கு உள்பக்கமே தோது என்று எனக்குத் தோன்றுகிறது. உங்கள் மருத்துவரிடம் வேலையைச் சொல்லி, கையைத் தூக்கிக் காட்டியே இதை முடிவு செய்யுங்கள்.

தழும்பு முதல் இரண்டு மூன்று மாதங்களில் சிவந்தோ கறுத்தோ, சற்றுத் தடித்தோ இருக்கும். பலர் பயந்துபோய் ஓடிவருவது அப்போதுதான். அது மெல்ல அடங்கி நிறம் மங்க 12 முதல் 18 மாதம் ஆகும். மாநிறமும் கருநிறமுமான தோலில் கறுப்பு இன்னும் கொஞ்ச நாள் நிற்கும். மேல்கையில் தோல் எப்போதும் இழுபட்டுக்கொண்டே இருப்பதால் வயிற்றில் வருவதைவிட இங்கே தழும்பு அகலமாகும் வாய்ப்பு அதிகம். 1995-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் டெட் லாக்வுட், வெறும் தோலோடு தோலைச் சேர்க்காமல், அதன் அடியில் இருக்கும் உறுதியான படலத்தைப் பிடித்துத் தைத்து, பாரத்தை அதன்மேல் ஏற்றும் முறையை விளக்கி எழுதினார். அந்த வழியில் தைத்தால் தழும்பு அகலமாவதும் கீழே இறங்குவதும் குறையும். உங்கள் மருத்துவரிடம், “உள் தையல் எதில் பிடிக்கும்?” என்று தாராளமாகக் கேளுங்கள்.

காதில் இருக்கும் அந்தக் கொண்டைக்கடலையை நீங்கள் சின்ன விஷயமாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது சின்ன விஷயமில்லை. காயத்தின் எல்லையைத் தாண்டி வளரும் தழும்பைக் கீலாய்டு என்போம். காது மடல், மார்பு நடு, தோள் ஆகியவை அதற்குப் பிடித்த இடங்கள். கையின் உள்பக்கம் அவ்வளவு மோசமான இடமில்லை என்றாலும், ஒரு முறை கீலாய்டு வந்த உடம்பில் 20 செ.மீ. நீளத்துக்குக் காயம் போடும் முன் யோசிக்கத்தான் வேண்டும். காதில் இருப்பது உண்மையிலேயே கீலாய்டா என்று ஒரு மருத்துவர் தொட்டுப் பார்த்துச் சொல்லட்டும். ஆம் என்றால், அறுவையே கூடாது என்று அர்த்தமில்லை. சிலிக்கோன் தாள், அழுத்தம் கொடுக்கும் உறை, தடிப்பு தலைகாட்டியதுமே ஸ்டீராய்டு ஊசி என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே திட்டமிட வேண்டும். “தழும்பே தெரியாது” என்று சொன்ன இடத்தில் உங்கள் காதை யாராவது பார்த்தார்களா?

ஏன் 9 வாரம் போதாது

உங்கள் உடம்பு இன்னும் தயாராகவில்லை. எடை மாதம் ஒன்றரை கிலோ குறைகிறது என்றால் நீங்கள் இன்னும் பாதி வழியில் இருக்கிறீர்கள். இன்று தோலை இறுக்கித் தைத்துவிட்டு, அடுத்த ஆறு மாதத்தில் இன்னும் ஏழெட்டு கிலோ குறைந்தால் மறுபடி தொங்கும். இரைப்பை அறுவை முடிந்து 12 முதல் 18 மாதமாவது ஆகியிருக்க வேண்டும், அதிலும் கடைசி ஆறு மாதம் எடை ஏறாமல் இறங்காமல் நின்றிருக்க வேண்டும் என்பது நாங்கள் பொதுவாகப் பின்பற்றும் கணக்கு. உங்கள் உடல் நிறை எண் (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பி.எம்.ஐ.) இப்போது 27.6, 30-க்குக் கீழே இருப்பது நல்ல செய்தி. எடை எங்கே போய் நிற்கிறது என்று பார்ப்பதுதான் பாக்கி.

அதைவிட எனக்குக் கவலை தருவது 9.8 என்ற எண். பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகைக் கணக்கில் வரும். காயம் ஆற ஆக்சிஜன் வேண்டும். அதைச் சுமந்து வருவது ஹீமோகுளோபின். புதுத் தோல் பின்னப் புரதம் வேண்டும். இரைப்பை சுருங்கியவர்களுக்கு இரும்பு, பி12, ஃபோலேட், வைட்டமின் டி, புரதம் எல்லாமே குறைய வாய்ப்புண்டு. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அதை நிறுத்திவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். வேறு வகை இரும்பு மாத்திரை உண்டு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடும் வழி உண்டு, நரம்பு வழியாக ஏற்றும் இரும்பு மருந்தும் உண்டு. உங்கள் இரைப்பை அறுவை மருத்துவரிடம் போய் இதைச் சொல்லுங்கள். புரதம் நாளொன்றுக்கு 60 கிராமாவது உள்ளே போகிறதா என்று உணவு ஆலோசகரிடம் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அவசரம் என்ன செய்யும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் உங்களைப் போலவே எடை குறைத்த ஒரு பெண், வீட்டு விசேஷத் தேதியைச் சொல்லிக் கெஞ்சினார். ஹீமோகுளோபின் பத்தரை. நான் இசைந்துவிட்டேன். பத்தாம் நாள் இரண்டு அக்குளிலும் தையல் பிரிந்தது. பெரிய ஆபத்து எதுவும் நேரவில்லை. ஆனால் ஐந்து வாரம், ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு மாற்றினோம். விசேஷத்துக்குச் சட்டைக்குள் பஞ்சுக் கட்டோடு போய் வந்தார். அக்குளில் தழும்பு அகலமாகிவிட்டது. அவர் என்னைக் குறை சொல்லவே இல்லை. ஆனால் அன்று நான் மறுத்திருக்க வேண்டும். அதன் பிறகு யாருடைய விசேஷத் தேதிக்காகவும் நான் அறுவைத் தேதி குறித்ததில்லை.

உங்களுக்கு எல்லாம் சரியாக அமைந்தால்கூட, இன்றைக்கே செய்துகொண்டாலும் 9-ஆவது வாரத்தில் உங்கள் தழும்பு மிகச் சிவப்பாகத் தெரியும் கட்டத்தில் இருக்கும். நீங்கள் மனதில் வைத்திருக்கும் குட்டைக் கை அன்று உங்களுக்குச் சந்தோஷம் தராது.

கத்தி எங்கே போகிறது, என்ன தவறலாம்

பெரும்பாலும் முழு மயக்கத்தில், இரண்டு கைக்கும் சேர்த்து இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். வெட்ட வேண்டிய கோட்டை மயக்கம் கொடுக்கும் முன்பே வரைவார்கள். அனுபவமுள்ளவர்கள் முழுத் தோலையும் ஒரே வீச்சில் வெட்டாமல், கொஞ்சம் வெட்டி, கொஞ்சம் தைத்து, அப்படியே நகர்வார்கள். அறுவையின்போதே கை வீங்குவதால், மொத்தமாக வெட்டிவிட்டால் மூடத் தோல் பற்றாமல் போகும். அக்குளில் நேர்கோடாகத் தைத்தால் பிற்பாடு கயிறு போல இழுத்துக்கொண்டு கையைத் தூக்க விடாது. அதனால் அங்கே கோட்டை வளைத்தோ கோணலாகவோ தைப்பார்கள்.

அடிக்கடி வரும் தொல்லை அக்குளில் தையல் பிரிவதும், முழங்கைப் பக்கம் தோலின் அடியில் நீர் கோப்பதும். நீரை ஊசியால் எடுத்துவிடலாம்; இரண்டு மூன்று முறை எடுக்க வேண்டி வரலாம். ரத்தம் கட்டுவது, சீழ் பிடிப்பது, இரண்டு கையும் ஒன்றுபோல் இல்லாமல் போவது எல்லாம் உண்டு. திருத்த அறுவை தேவைப்படுபவர்களும் உண்டு.

நரம்பு விஷயத்தை மட்டும் விரிவாகச் சொல்லிவிடுகிறேன், பல ஆலோசனை அறைகளில் இது சொல்லாமல் விடப்படுகிறது. மேல்கையின் உள்பக்கம், முழங்கைக்கு ஒரு சாணுக்கும் குறைவான தூரத்தில், முன்கையின் உள்பக்கத் தோலுக்கு உணர்ச்சி தரும் நரம்பு ஒன்று ஆழத்திலிருந்து மேலே வந்து, ஒரு சிரையை ஒட்டியே போகிறது. கத்தி போகும் பாதைக்கு மிகப் பக்கம். அதை மூடிய கொழுப்பை ஒரு மெல்லிய அடுக்காவது விட்டுவைத்துத்தான் வெட்ட வேண்டும். அது இழுபட்டால் முன்கையின் உள்பக்கம் சில மாதம் மரத்துப்போகும், பெரும்பாலும் சரியாகிவிடும். அறுந்தால் நிரந்தர மரப்பு அல்லது தொட்டால் சுரீர் என்று வலிக்கும் நரம்பு முடிச்சு வரலாம். வெகு சிலருக்கே இது நேர்கிறது. ஆனால் நேர்ந்தால் நாள் முழுக்க மேசையில் முன்கை ஊன்றி விடைத்தாள் திருத்தும் உங்களுக்கு அது பெரிய விஷயம்.

கையின் திசுக்களில் ஊறும் நீரை அக்குள் பக்கம் வடித்துக்கொண்டுபோகும் நிணநீர்க் குழாய்களும் இந்த வழியில்தான் இருக்கின்றன. இதனால் நீடித்த கைவீக்கம் வருவது அரிது. ஆனால் மார்பகப் புற்றுக்காக அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளை எடுத்தவர்களுக்கும், ஏற்கெனவே கை வீங்கியவர்களுக்கும் இந்த அறுவையைப் பெரும்பாலும் செய்வதில்லை. உங்களுக்கு அப்படி எதுவும் இருந்தால் மறைக்காதீர்கள்.

மருந்துகளிலும் ஒளிவு வேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரை, ஆஸ்பிரின், மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, மூலிகைச் சூரணம் எதுவானாலும் பட்டியலைக் கொடுத்துவிடுங்கள். எதை எப்போது நிறுத்துவது என்று மருத்துவர் சொல்லட்டும், நீங்களாக நிறுத்த வேண்டாம். எடை குறைக்கும் ஊசி போடுகிறீர்கள் என்றால் மயக்க மருத்துவருக்குக் கட்டாயம் தெரிய வேண்டும். வெறும் வயிற்றோடு வந்தாலும் அந்த மருந்து இரைப்பையை முழுதாகக் காலியாக விடாது. நிக்கோட்டின் எந்த வடிவில் இருந்தாலும் அறுவைக்கு 4 வாரம் முன்பும் 4 வாரம் பின்பும் கூடாது. இரைப்பை அறுவை செய்தவர் என்பதால், வயிற்றைப் புண்ணாக்கும் வலி மாத்திரைகளை உங்களுக்குத் தவிர்க்க வேண்டும் என்று ஞாபகப்படுத்துங்கள்.

முதல் ஆறு வாரம்

மோதிரம் வளையல்களை முன்னாலேயே கழற்றி வைத்துவிடுங்கள், விரல்கள் வீங்கும். முதல் சில நாள் இரண்டு கையையும் தலையணை மேல் உயர்த்தி வைத்திருப்பீர்கள். முகம் கழுவ, முடி கட்ட, பின்னால் கொக்கி மாட்ட இன்னொருவர் கை வேண்டும். இரண்டு கையும் ஒரே நேரத்தில் முடங்குவதுதான் இந்த அறுவையின் உண்மையான சிரமம். வலியைவிட இதைத்தான் என் நோயாளிகள் அதிகம் சொல்வார்கள். நீர் வடியக் குழாய் வைத்திருந்தால் சில நாளில் எடுத்துவிடுவார்கள். அன்று மாலையோ மறுநாளோ எழுந்து நடக்க வேண்டும், காலில் ரத்தம் கட்டாமல் இருக்க அதுதான் வழி. அழுத்தும் கை உறையை 4 முதல் 6 வாரம் போட வேண்டியிருக்கும். இரண்டு கிலோவுக்கு மேல் எதையும் ஒரு மாதமாவது தூக்கக் கூடாது. உடற்பயிற்சி ஆறு வாரம் கழித்து.

ஒரு கை மட்டும் திடீரென்று வீங்கி விண்விண் என்று தெறித்தால், காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், சிவப்பு பரவினால், சீழ் வாடை வந்தால், உறைக்குக் கீழே விரல்கள் நீலமாகவோ சில்லென்றோ ஆனால் அன்றே கூப்பிடுங்கள். கெண்டைக்கால் வலித்து வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ யாரையும் கூப்பிட்டுக் காத்திருக்காமல் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

முன்பணம், கையெழுத்து, கணவர்

வாரத்துக்குள் முன்பணம் கேட்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். உங்கள் கை அடுத்த வருடமும் இப்படியேதான் இருக்கும், இதில் அவசரம் என்று எதுவுமே இல்லை. அவசரம் அவர்களுக்கு. பிளாஸ்டிக் சர்ஜரியில் முறையாகப் பயிற்சி பெற்ற ஒருவர்தான் இதைச் செய்ய வேண்டும். கத்தியைப் பிடிக்கப்போவது ஆலோசனை சொன்னவர்தானா, மயக்க மருத்துவர் முழு நேரமும் கூட இருப்பாரா, இரவில் ரத்தக்கட்டு வந்தால் அங்கேயே சமாளிக்க வசதி உண்டா, திருத்த அறுவை வேண்டி வந்தால் அதன் செலவு யாருடையது என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கான பதிலை எழுத்தில் வாங்குங்கள். படங்கள் காட்டினால், கையைத் தொங்கவிட்ட படம் போதாது. கையை விரித்து, ஒரு வருடம் கழித்து எடுத்த படத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

சம்மதம் உங்களுடையது. சுயநினைவுள்ள, வயது வந்த ஒருவரின் உடம்புக்கு அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். சில மருத்துவமனைகள் சாட்சியாக உறவினர் ஒருவரின் கையெழுத்தும் கேட்கும், அது அனுமதி ஆகாது. படிவத்தில் கையெழுத்திட்ட பிறகும், மயக்க மருந்து கொடுக்கும் நிமிஷம் வரைக்கும் நீங்கள் வேண்டாம் என்று சொல்லலாம். படிவத்தை முந்தின நாளே வாங்கி வீட்டில் படியுங்கள். ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி கையெழுத்துப் போடாதீர்கள்.

அதே சமயம் உங்கள் கணவர் சொன்னதை நான் எதிர்ப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு பெரிய அறுவைக்கு உங்களை உள்ளே அனுப்பிவிட்டு வெளியே உட்கார்ந்திருந்தவர் அவர், பதினோரு மாதம்தான் ஆகிறது. மறுபடி அந்த நாற்காலியில் உட்காரப் பயப்படுகிறார் என்றுதான் எனக்குப் படுகிறது. அடுத்த ஆலோசனைக்கு அவரையும் கூட்டிப் போங்கள். மடிப்புப் புண்ணை அவருக்குக் காட்டியிருக்கிறீர்களா? முழுக்கைச் சட்டைக்குள் இருப்பதை அவர் பார்க்கவே இல்லையோ என்னவோ. முதல் பத்து நாள் உங்களுக்குத் தலை வாரிவிடப்போவது பெரும்பாலும் அவராகத்தான் இருக்கும்.

அறுவையே வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் அது தோல்வியாகாது. வியர்வையை உறிஞ்சும், தோலைத் தாங்கிப் பிடிக்கும் மெல்லிய அழுத்தக் கை உறைகள் உண்டு. அவற்றை உள்ளே போட்டு, புண்ணுக்கு மருந்து வைத்து, வருடக்கணக்காகச் சௌகரியமாக இருப்பவர்களை எனக்குத் தெரியும்.

இப்போதைக்கு என் யோசனை இது. விழாவுக்கு முழங்கை வரை கை வைத்த உடையைத் தைத்துக்கொள்ளுங்கள். இரும்பையும் புரதத்தையும் இந்த வாரமே சரிசெய்ய ஆரம்பியுங்கள். காதைக் காட்டுங்கள். மாதத்துக்கு ஒருமுறை எடையைக் குறித்து வையுங்கள். எடை ஆறு மாதம் ஒரே இடத்தில் நின்று, ஹீமோகுளோபின் 12-ஐத் தொட்ட பிறகும் அந்த ஸ்கெட்ச் பேனாக் கோடு உங்களுக்குச் சம்மதமாக இருந்தால், பிளாஸ்டிக் சர்ஜனைப் பாருங்கள். முடிந்தால் நீண்ட விடுமுறையின் முதல் வாரத்துக்குத் தேதி வாங்குங்கள்.

பலகையில் எப்போது எழுதலாம் என்று கேட்டிருந்தீர்கள். உட்கார்ந்து செய்யும் வேலைக்கு இரண்டு வாரத்தில் திரும்பலாம். கையைத் தோளுக்கு மேலே தூக்குவது நான்கு வாரம் கழித்துத்தான், அதுவும் அக்குள் தையல் முழுதாக ஆறியிருந்தால். ஆரம்பத்தில் பலகையின் கீழ்ப்பாதியில் மட்டும் எழுதுங்கள். மேலே எழுத வேண்டியதை ஒரு மாணவரைக் கூப்பிட்டு எழுதச் சொல்லுங்கள். ஆறாவது வாரத்தில் மேல்வரிசைக்குப் போய்விடலாம்.